ரிவர்ஸ் தாமதமும் மாற்றப்பட்ட ரேடியேட்டரும்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கும் கல்லூரி ஆசிரியை நான். 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பான, ஆறு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் பெட்ரோல் காரை 2023 தொடக்கத்தில் பழைய வண்டியாக வாங்கினேன். இதுவரை 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் முதன்முதலில் ரிவர்ஸ் போட்டால் மூன்று நான்கு நொடி கழித்துத்தான் ‘தடக்’கென்று இடித்துக்கொண்டு நகர்கிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு அந்தத் தாமதம் குறைந்துவிடுகிறது. டி-யில் போட்டால் உடனே எடுக்கிறது. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் ஒரு கணம் உறுமிவிட்டுப் பிறகு இழுக்கிறது. 60, 70 வேகத்தில் சீராகப் போகும்போது கரடுமுரடான சாலையில் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் தெரிகிறது. போன வாரம் ஹெப்பாள் மேம்பாலத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொண்டது. அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும், 3,90,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வெளியில் ஒருவர் 1,40,000 ரூபாய்க்கு ஓவர்ஹால் செய்து தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர், மெஷின் வைத்து ஆயிலை ஃப்ளஷ் செய்தால் போதும், 18,000 ரூபாய் என்கிறார். யாரை நம்புவது? பொங்கலுக்குத் திருப்பத்தூர் போக வேண்டும், இந்த வண்டியில் போகலாமா? (எட்டு மாதத்துக்கு முன் முன்பக்கம் இடித்ததில் பம்பரும் ரேடியேட்டரும் மாற்றினோம். அதைத் தவிர வேறு பெரிய வேலை எதுவும் நடக்கவில்லை.)

பதில்: மதிப்பிற்குரிய சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் கடைசியாக எழுதிய அந்த ஒரு வரிதான். விலை சொன்ன மூவரில் ஒருவராவது ரேடியேட்டர் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கியர் பாக்ஸில் ஆயில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று எவரேனும் திறந்து பார்த்ததாகவும் எழுதவில்லை. அவற்றைப் பார்க்காமல் சொல்லப்பட்ட மூன்று விலையையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதோடு, அந்த ஆயிலைப் பார்க்கும் வரை தயவுசெய்து வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை மிகையாகச் சொல்லவில்லை. காரணத்தை விளக்கினால் உங்களுக்கே புரியும்.

டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஆயில் என்பது வெறும் மசகு அல்ல. எஞ்சினின் சக்தியைச் சக்கரத்தின் பக்கம் கடத்துவதும், கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில்தான். அது சூட்டை இறக்கி வைக்கும் இடம் பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் ஒரு சிறு குழாயோ தகட்டு அடுக்கோ பொருத்தியிருப்பார்கள். உள்ளே கியர் ஆயிலும் வெளியே எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் ஓடும். வேறு சில வண்டிகளில் ஆயில் கூலர் கியர் பாக்ஸின் மேலேயே அமர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக நிற்கும். உங்கள் வண்டி இவற்றில் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கூலர் ரேடியேட்டருக்குள்ளோ அதற்கு முன்னாலோ உள்ள வகையானால், முன்பக்கம் இடித்து ரேடியேட்டரைக் கழற்றிய வண்டியில் ஆயில் குழாய்களைக் கழற்றியிருக்கவும் ஆயில் கொட்டியிருக்கவும் பெரிதும் வாய்ப்பு உண்டு. கொட்டிய ஆயிலை அளந்து திரும்ப ஊற்றினார்களா என்பதுதான் என் முதல் கேள்வி. எஞ்சின் ஆயிலுக்கு அளவு பார்க்கும் குச்சி இருப்பதுபோல் இன்றைய கியர் பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் குச்சி கிடையாது. ஆகவே வண்டியின் பாடி வேலை செய்யும் பட்டறையில் இந்த ஒன்று விடுபட்டுப் போவது மிகவும் சாதாரணம்.

இரண்டாவது சாத்தியம் இதைவிடக் கொடியது. ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தக் கூலரில் மயிரிழை அளவு வெடிப்போ ஒட்டுக் குறையோ இருந்தால், எஞ்சின் ஓடும்போது கியர் ஆயில் கூலன்ட்டுக்குள் கசியும். எஞ்சினை அணைத்ததும் கியர் ஆயிலின் அழுத்தம் உடனே விழுந்துவிடும், ஆனால் சூடான கூலன்ட்டின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் அளவில் நெடுநேரம் நிற்கும். அந்த நேரத்தில் கூலன்ட் எதிர்த்திசையில் கியர் பாக்ஸுக்குள் நுழையும். நீங்கள் உறங்கிக்கொண்டிருக்கும் இரவில், வாசலில் நிற்கும் வண்டிக்குள் இது நடக்கும். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பு காகித நாரை ஒருவகைப் பசையால் எஃகுத் தகட்டில் ஒட்டிச் செய்தது. தண்ணீரும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் சேர்ந்த கூலன்ட் அந்த நாரில் ஊறி, பசையை விடவைத்து, பரப்பை உரித்துவிடும். அது தொடங்குவதற்கான முதல் அறிகுறிகளில் ஒன்று, சீரான வேகத்தில் வரும் நடுக்கம். உங்கள் 60, 70 வேக நடுக்கத்தைப் படித்தபோது எனக்குக் கவலை வந்ததும், ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். கூலன்ட் கலந்த ஆயிலோடு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உள்ளே இருப்பதைக் கரைக்கிறது.

வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எஞ்சின் முழுமையாக ஆறியிருக்கும் காலை வேளையில் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மேலே எண்ணெய்ப் படலமோ, பழுப்பு கலந்த குழம்போ மிதந்தால் ஐயமே வேண்டாம். கூலன்ட் தெளிவாக இருந்தாலும் அதை வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது, ஏனென்றால் கசிவு ஒரு திசையில் மட்டுமே நடந்திருக்கலாம். கியர் பாக்ஸின் ஆயிலைப் பட்டறையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஆயில் சிவந்து தெளிந்திருக்கும், பழையது பழுப்பாகியிருக்கும், எரிந்தது கறுத்துக் கருகல் வாடை அடிக்கும். கூலன்ட் கலந்தது ரோஸ் மில்க் போலவே இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நிறம் தெளிவாகப் பிடிபடாவிட்டால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு துளி விடச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளித்ததுபோல் படபடவென்று பொரியும்.

பெங்களூரில் பழைய வண்டி வாங்கியவர்களிடம் நான் கேட்கும் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பக்கமும் வெள்ளத்தில் நின்றபோது பல கார்கள் மூழ்கின. நீங்கள் வாங்கியது அதற்கு அடுத்த சில மாதங்களில். கியர் பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் உண்டு; அது தண்ணீருக்குள் போனால் ஆயிலில் நீர் சேரும். ஆனால் அப்படி நீர் சேர்ந்திருந்தால் தொல்லை இவ்வளவு காலம் காத்திருந்திருக்காது. ஆகவே அந்த ஐயத்தைக் கடைசியில் வைக்கிறேன். ஆயில் பால் நிறத்தில் இருந்து, ரேடியேட்டரில் ஓட்டை ஏதும் இல்லை என்று அழுத்தச் சோதனையில் உறுதியானால் மட்டும் அந்தப் பக்கம் திரும்பலாம்.

இனி, ஆயில் சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்து கூலன்ட் கலக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் அறிகுறிகள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. ஆறு கியர் கொண்ட முன்சக்கர வண்டிகளின் கியர் பாக்ஸ்களில் மிகப் பரவலாக உள்ள அமைப்பில், மூன்றாம் கியருக்கும் ஐந்தாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே கிளட்ச் பொதுவாக வேலை செய்யும். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் அந்த கிளட்ச் தேவையில்லை. இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள்: ரிவர்ஸ் தாமதமாகிறது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வழுக்குகிறது, டி-யில் போட்டால் உடனே எடுக்கிறது. மூன்றும் அந்த ஒரே கிளட்ச்சுக்கு ஆயில் அழுத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றே சொல்கின்றன. நான்கிலிருந்து ஐந்துக்கு மாறும்போதும் எஞ்சின் உறுமுகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. சோதனை ஓட்டத்தின்போது மெக்கானிக் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அங்கும் வழுக்கினால் என் ஊகம் ஏறத்தாழ உறுதியாகிவிடும்.

அந்த கிளட்ச்சுக்கு ஆயில் ஏன் போகவில்லை என்பதற்கு, செலவு குறைந்த காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காரணம் ஆயில் குறைவு. ஆயில் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். எனவே குறைவாக ஆயில் உள்ள பெட்டி காலையில் மோசமாகவும் சூடேறிய பின் ஓரளவு சரியாகவும் நடந்துகொள்ளும். ரிவர்ஸுக்கு நிரப்ப வேண்டிய ஆயிலின் கொள்ளளவும் பொதுவாக அதிகம். பழைய பட்டறைக் கையேடுகளிலேயே நியூட்ரலிலிருந்து டி-க்கு 1.2 நொடிக்குள்ளும் ரிவர்ஸுக்கு 1.5 நொடிக்குள்ளும் பிடிக்க வேண்டும் என்று வேறுபடுத்திக் கொடுத்திருப்பார்கள். அதனால் ஆயில் குறைந்தால் முதலில் அடிவாங்குவது ரிவர்ஸ்தான். ரேடியேட்டர் மாற்றியபோது ஒரு லிட்டர் குறைந்து, குழாய் இணைப்பில் சிறு கசிவும் இருந்து, ஆறு மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால், இரண்டு மாதத்துக்கு முன் தொல்லை தொடங்கியதற்கு அதுவே போதுமான விளக்கம். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் செந்நிறக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

அளவு பார்ப்பதற்கு முறை உண்டு. வண்டி சமதளமாக லிஃப்ட்டில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எல்லா கியர் நிலைகளிலும் ஒரு சுற்று போட்டுவிட்டு, ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஆயிலின் வெப்பம் அந்தப் பெட்டிக்குச் சொல்லப்பட்ட அளவில் இருக்கும்போது பக்கவாட்டு அளவுத் திருகைத் திறக்க வேண்டும். பல பெட்டிகளுக்கு அது 35 முதல் 45 டிகிரி. வண்டிக்கு வண்டி மாறும். ஆயில் மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. எஞ்சினை அணைத்துவிட்டோ, 80 டிகிரி சூட்டிலோ பார்த்து ‘ஆயில் இருக்குது மேடம்’ என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. ஆயிலின் வகையும் அந்தப் பெட்டிக்கு உரியதாகவே இருக்க வேண்டும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் ‘எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்று விற்கும் ஆயிலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கிளட்ச் எவ்வளவு வேகத்தில் பிடிக்க வேண்டும் என்பதே ஆயிலின் உராய்வுக் குணத்தை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது.

அளவு சரியாக இருந்தால் அடுத்ததாக மின்சாரம். இதில் நான் செய்த ஒரு பெரும் தவறை உங்களிடம் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில், கியர் ஒழுங்கின்றி மாறிய ஒரு வண்டியின் பெட்டியை இறக்கிப் பிரித்துப் பதினொரு நாள் வைத்திருந்தேன். உள்ளே எல்லாம் புதிதுபோல் இருந்தது. திரும்பப் பூட்டியும் அதே தொல்லை. கடைசியில் பார்த்தால் எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே போகும் எர்த் கேபிள் பச்சை பூத்து அரித்திருந்தது. அந்த வாடிக்கையாளர் வயது முதிர்ந்தவர். பேருந்தில் வந்து வந்து கேட்டுப் போனவர். அவரிடம் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அந்தப் பதினொரு நாளை என்னால் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, நின்றிருக்கும் வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறுகிறதா, எர்த் இணைப்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எந்தப் பெட்டியிலும் ஸ்பேனர் வைப்பதில்லை. உங்கள் வண்டியிலும் அதைக் கேளுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

ஹெப்பாளில் எரிந்த விளக்குக்கான குறியீடு கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். எவரும் அழித்துவிடுவதற்கு முன் அதைப் படித்துத் தாளில் எழுதி வாங்குங்கள். பி0700 என்பது ‘கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்கிறது, அதைப் போய்க் கேள்’ என்பதற்கான அழைப்பு மட்டுமே. அதை மட்டும் காட்டி யாரும் பெட்டி போய்விட்டது என்று சொல்ல முடியாது. பி0733 இருந்தால் மூன்றாம் கியரில் உள்ளே வரும் சுழற்சிக்கும் வெளியே போகும் சுழற்சிக்கும் விகிதம் பொருந்தவில்லை, அதாவது வழுக்கல் அளந்து பிடிபட்டிருக்கிறது என்று பொருள். பி0741 இருந்தால் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச்சை, அதாவது சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நழுவாமல் நேராகப் பூட்டும் கிளட்ச்சைப் பற்றியது. பி0715, பி0720 ஆகியவை சுழற்சியை அளக்கும் சென்சார்களைப் பற்றியவை; சென்சாரே பொய் சொன்னால் வழுக்காத கிளட்ச்சும் வழுக்குவதாகத் தோன்றும். வண்டி ஒரே கியரில் சிக்கியதும், அணைத்து எழுப்பியதும் சரியானதும் கியர் பாக்ஸைக் காக்கக் கம்ப்யூட்டர் செய்த ஏற்பாடு. அதை மட்டும் வைத்துப் பெட்டி அழிந்துவிட்டது என்று கொள்ளத் தேவையில்லை.

குறியீட்டோடு நின்றுவிடாமல், ஸ்கேனரை மாட்டிக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்று கொண்டால், உள்ளே 3,000 சுற்று வரும்போது வெளியே 2,000 இருக்க வேண்டும். வெளியே 2,000 இருக்கும்போதே உள்ளே 3,300 காட்டினால் அந்த வித்தியாசம் கிளட்ச்சில் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதே ஓட்டத்தில் உங்கள் நடுக்கத்துக்கும் விடை கிடைக்கும். லாக்-அப் பிடித்திருக்கும் நேரத்தில் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் லேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபடும். நடுக்கம் அக்கணமே மறைந்தால் அது லாக்-அப்பின் நடுக்கம். மறையாவிட்டால் எஞ்சினின் மிஸ்ஃபயர், தேய்ந்த எஞ்சின் மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்தச் சோதனையை ஆளில்லாத சாலையில் மெக்கானிக் செய்யட்டும், வெளிவட்டச் சாலை நெரிசலில் நீங்கள் முயல வேண்டாம்.

ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பிரேக்கை முழுக்க மிதித்து, டி-யில் வைத்து, ஆக்சிலரேட்டரை ஐந்து நொடிக்கு மேற்படாமல் முழுதாக அழுத்தி எஞ்சின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்ப்பது. கையேட்டு அளவைவிடக் கூடினால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. குறைந்தால் எஞ்சினின் பலக்குறைவோ கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஸ்டேட்டர் என்ற பாகமோ காரணம். பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் இங்கே கொஞ்சம் சோர்ந்தே இருக்கும். ஆகவே கையேட்டைவிடச் சற்றுக் குறைந்த எண் வந்தால் அதை நோயாகக் கொள்ளக் கூடாது. ஆயில் அளவும் கூலன்ட் கலப்பும் தெளிவாகும் முன் இந்தச் சோதனையைச் செய்ய விடாதீர்கள். நோயுள்ள பெட்டியை அது ஐந்தே நொடியில் மோசமாக்கும்.

ஆயில் சரி, மின்சாரம் சரி, ஆனாலும் வழுக்கல் நிற்கிறது என்றால் மீதி இருப்பவை மூன்று: அந்த கிளட்ச்சுக்கு அழுத்தம் விடும் சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வ்), ஆயிலைப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியின் தேய்மானம், கிளட்ச் பிஸ்டனின் ரப்பர் சீல். இவற்றைப் பிரித்தறிய சூடும் குளிரும் நல்ல சாட்சி சொல்லும். குளிரில் மோசமாகவும் சூட்டில் நன்றாகவும் நடந்தால், விறைத்துப் போன ரப்பர் சீலைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். சூட்டில் ரப்பர் இளகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மோசமானால் ஆயில் மெலிந்து தேய்ந்த வால்வின் ஓரம் வழியாகக் கசிகிறது, அல்லது சோலனாய்டின் சுருள் சூட்டில் திணறுகிறது. உங்களுடையது முதல் வகை. ஆயினும் சோலனாய்டின் மின்தடையை அளப்பது எளிது. பெட்டியை இறக்காமல், அடித்தட்டையோ பக்க மூடியையோ கழற்றினாலே பெரும்பாலும் கைக்கு எட்டிவிடும். அடித்தட்டைக் கழற்றும்போது அதில் உள்ள காந்தத்தைக் கண்முன் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை 92,000 கி.மீ. ஓடிய வண்டிக்கு இயல்பே. ஊசி ஊசியாக எஃகோ, மஞ்சளாகப் பித்தளையோ, கறுத்த நார்த் துண்டுகளோ இருந்தால் பெட்டியை இறக்குவதைத் தவிர வழியில்லை.

இப்போது அந்த மூன்று விலைகளுக்கு வருகிறேன்.

ஃப்ளஷ் செய்தால் போதும் என்பதை ஏற்கவே மாட்டேன். ஆயில் மட்டும்தான் காரணம் என்று உறுதியானாலும், மெஷினில் அழுத்தம் கொடுத்துக் கழுவுவதைவிட, வடித்து நிரப்பி ஓட்டி மீண்டும் வடித்து நிரப்புவது பாதுகாப்பானது. மொத்தம் 7 லிட்டர் கொள்ளும் பெட்டியில் ஒருமுறை வடித்தால் 3.5 லிட்டர் அளவுக்குத்தான் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். இரண்டாம் முறையில் முக்கால் பங்கும், மூன்றாம் முறையில் ஏறத்தாழ 87 விழுக்காடும் புதிய ஆயிலாகிவிடும். ‘இந்த ஆயிலை வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம்’ என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கியர் பாக்ஸ் தயாரிப்பாளரான இஸட்.எஃப். தன் பெட்டிகளுக்கே 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டி இரண்டு கணக்கிலும் எல்லையைத் தொட்டுவிட்டது. நம் ஊரின் குளிர்ச்சியை நம்பியும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கன்வெர்ட்டரின் உள்ளே நழுவும் சக்தி முழுவதும் ஆயிலின் சூடாகிறது. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு.

3,90,000 ரூபாய்க்குப் பெட்டியையே மாற்றுவது, கூலன்ட் கலந்து உள்ளே எல்லாம் உரிந்துவிட்ட நிலையில், அதுவும் வண்டியின் இன்றைய மதிப்பைக் கணக்குப் பார்த்த பிறகு மட்டுமே யோசிக்க வேண்டியது. அந்த நிலையிலும் ரேடியேட்டரை மாற்றாமல் புதுப் பெட்டியை ஏற்றினால் புதுப் பெட்டியும் அதே கூலன்ட்டைக் குடிக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றுவதில் எனக்குள்ள அச்சம் இதுதான்.

1,40,000 ரூபாய் ஓவர்ஹால் என்பது, அதில் என்னென்ன அடங்கும் என்பதைப் பொறுத்தது. சீல், கேஸ்கெட், உராய்வுப் பிளேட், எஃகுப் பிளேட், ஃபில்டர் ஆகியவை புதிதாகப் போக வேண்டும். கன்வெர்ட்டரை வெட்டித் திறந்து லாக்-அப் பரப்பை மாற்றி, மறுபடி வெல்டு செய்து சமநிலை பார்க்க வேண்டும். உங்களுக்கு நடுக்கம் இருப்பதால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய கூலரில் தங்கிய கழிவு புதுப் பிளேட்டுக்குள் போகாதபடி அதைக் கழுவவோ மாற்றவோ வேண்டும். புதிய பிளேட்டுகளைப் பூட்டும் முன் குறைந்தது 15 நிமிடமாவது அதே ஆயிலில் ஊறவைக்க வேண்டும். ஒவ்வொரு கிளட்ச்சையும் பூட்டியதும் ஏறத்தாழ 4 கிலோ காற்றழுத்தம் விட்டு பிஸ்டன் நகர்கிறதா, காற்று நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை நேரில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தயங்காமல் வரச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். முடிந்ததும் கம்ப்யூட்டரில் பழைய பழக்க அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த பிளேட்டுக்குப் பழகிய கம்ப்யூட்டர் புதுப் பிளேட்டை இடித்து இடித்து மாற்றும். இவை எல்லாம் எழுத்தில் இருந்தால் அந்தத் தொகை நியாயமானதே. ‘கிட் மாற்றித் தருகிறேன்’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் ஊகிப்பது, இந்த இரண்டு பெரிய செலவும் இல்லாமல் கூடத் தீரலாம் என்பதே. குறைந்த ஆயிலோடு இரண்டு மாதமே ஓடியிருந்தால் பிளேட்டுகள் பிழைத்திருக்க இடமுண்டு. எனவே முதலில் ஆயில் சோதனைக்கும் ஸ்கேனருக்கும் மட்டும் பணம் கொடுத்து, முடிவை எழுத்தில் வாங்குங்கள்.

பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்வதும் கூடாது: எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்ப் ஓடாது, உள்ளே சுழலும் பாகங்களுக்கு மசகு போகாது. வண்டியை முழுதாகத் தூக்கி வைத்துப் போகும் சமதட்டு லாரியைக் கூப்பிடுங்கள். உங்கள் காப்பீட்டில் சாலை உதவி சேர்ந்திருந்தால் தனிச் செலவு பெரும்பாலும் இருக்காது.

பொங்கலுக்கு இந்த வண்டியில் போக வேண்டாம். வேலை முடிந்து வண்டி கைக்கு வந்தாலும், முதல் ஐந்நூறு கிலோமீட்டரை ஊருக்குள்ளேயே ஓட்டி, மறுபடி ஆயில் அளவும் கசிவும் பார்த்த பிறகுதான் நெடுஞ்சாலை. கிருஷ்ணகிரிச் சாலையில் குடும்பத்தோடு போகும்போது ஹெப்பாளில் நடந்தது நடந்தால், பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் ஏன் வேகம் குறைந்தீர்கள் என்று தெரியாது. ஜோலார்பேட்டை வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து திருப்பத்தூர் பக்கம்தான்.

ரேடியேட்டர் மாற்றியபோது கொடுத்த பில்லைத் தேடி எடுத்து, அதில் கியர் ஆயில் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பில்லையும், ஸ்கேனர் குறியீடுகளையும், ஒரு வெள்ளைத் தாளில் விட்ட ஆயில் துளியைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் அனுப்பினால், அடுத்து எந்தத் திருகைத் திறக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.